கப்பலுக்குப் பூசியதைத் தொட்டிக்குப் பூசினேன்

பாசி பிடித்த மீன்தொட்டிக்கு என்ன மருந்து ஊற்றலாம் என்று, தொட்டித் தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கிழவனுக்குக் கோபம் என்று நினைத்திருப்பார். கோபமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே, இத்தனை வருஷம் கழித்தும், பழைய தொட்டி ஒன்று கண் முன்னால் வந்து நிற்கிறது. ஏன் என்று நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எட்டு மணி நேரம் எரிந்து தானாக அணைகிற விளக்கு வந்துவிட்டது. நான் தொழிலுக்கு வந்த எழுபதுகளில் தொட்டி என்றால் இரும்புச் சட்டம், அதில் பட்டி வைத்து ஒட்டிய கண்ணாடி, மேலே ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு டியூப் லைட். விளக்கைப் போடவும் அணைக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவருக்கு மேலே எத்தனை பேர் அதிகாரம் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீரின் நிறம். இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அதற்கு முன் மூன்று வருஷம் நான் துறைமுகத்தில் பெயிண்ட் வேலை செய்தேன். படகுகளையும் இழுவைக் கப்பல்களையும் கரையேற்றியதும் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற கூலி. அங்கே ஒரு எஞ்சினியர் வீட்டுத் தொட்டியைக் கழுவப் போய், மீன் மேல் ஆசை வந்து, பெயிண்ட் பிரஷைப் போட்டுவிட்டு இதில் இறங்கினேன். இருபத்து நாலு வயதுக்குள் ஐந்து தொட்டிகள் என் கையில். தலைகால் புரியவில்லை எனக்கு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என்னைவிட்டால் தொட்டிக்காரன் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தில் இரண்டு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் வீடுகளில். எல்லாவற்றிலும் பெரியது அதே தொழிற்சாலையின் மருத்துவமனையில் இருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஆறடித் தொட்டி. நாடா போல நீண்ட இலை உள்ள வாலிஸ்நேரியாவைப் பின்பக்கம் வரிசையாக நட்டிருந்தேன். முன்னால் ஏஞ்சல் மீன் எட்டு, கப்பியும் கறுப்பு மோலியும் கணக்கில்லாமல், மணலில் கொஞ்சம் நத்தைகள். கையில் கட்டோடு வந்த தொழிலாளிகள், இருமுகிற பிள்ளைகளைத் தோளில் போட்ட அம்மாக்கள், எல்லோரும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே தரை துடைத்து, மீனுக்குத் தீனி போட்டு, விளக்கைப் பார்த்துக்கொண்டது லூர்து அக்கா. ராயபுரம் மாதா கோயில் பக்கத்துத் தெருக்காரர். நாற்பது வயது இருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் சங்கிலி அறுந்து விழுந்து கால் போய்விட்டது. அக்கா கொண்டுவரும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டு வருஷமாகத் தற்காலிக ஆள். அடுத்த மாதம் நிரந்தரம் செய்கிறோம் என்று பெரிய டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்திருக்கும்.

அந்தக் கோடையில் தொட்டிக்குப் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைப் புள்ளி. பிறகு வாலிஸ்நேரியா இலை ஒவ்வொன்றிலும் தாடி. இரும்புச் சட்டத்தின் உள்விளிம்பில் தொங்கியது ஒரு முழம். நான் வாரா வாரம் சுரண்டினேன், அது வாரா வாரம் வளர்ந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மேற்கு ஜன்னல் வெயில் மதியத்துக்கு மேல் நேராகத் தொட்டியில் விழுந்தது. அது போதாதென்று இரண்டு டியூப் லைட்டும் அணையாமல் எரிந்தன. அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"சாய்ந்தரம் அணைக்கச் சொன்னேன் இல்லக்கா?"

"அணைச்சிட்டுத்தான் நைனா போறேன். காலைல வந்து பாத்தா திருப்பி எரிஞ்சிகினு கீது. பெரிய டாக்டரு ரவுண்டு வரச்சே போட்டுட்றாரு. நான் இன்னா பண்ண சொல்ற?"

டாக்டரிடம் போனேன். ஜன்னலுக்குத் திரை போட்டு, விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு ஷிப்டுக்கும் பேஷண்ட் வர்றாங்க. இருட்டுத் தொட்டியை யார் பார்க்கிறது? அதோட, பன்னெண்டு நாள்ல கம்பெனியின் பெரிய அதிகாரிகள் பார்வையிட வர்றாங்க. லைட்டைக் குறைக்காம பாசியைக் குறைக்க உனக்குத் தெரியாதா? தெரியாதுன்னா சொல்லு, தெரிஞ்சவனை வெச்சுக்கிறேன்."

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் தம்பிகளா, இந்தத் தொழிலிலேயே கனமான வார்த்தை. எனக்கு நாக்கு எழவில்லை. "முடிச்சிடறேன் சார்" என்றேன்.

வழியெல்லாம் யோசித்தேன். உப்புத் தண்ணீரில், உச்சி வெயிலில், வருஷம் முழுக்கக் கிடக்கிற படகின் அடியில் பாசி ஒட்டுவதில்லையே, ஏன்? நாங்கள் அடித்த சிவப்புப் பெயிண்டால்! அதை அடித்தால் பாசி இல்லை, சிப்பி இல்லை. கடலையே தடுக்கிற பெயிண்ட் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தடுக்காதா? எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்திச் சிரித்தேன். பழைய கூட்டாளியிடம் அரை டப்பா வாங்கினேன். மீனையும் செடியையும் தற்காலிகமாக ஒரு சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். இரும்புச் சட்டத்தின் உள்விளிம்பு முழுவதையும் சுரண்டி இரண்டு பூச்சு அடித்தேன். துரு பிடிக்காது, பாசியும் பிடிக்காது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நாலு நாள் காயவிட்டு, வாடை போன பிறகுதான் தண்ணீர் விட்டு, மீனையும் செடியையும் திரும்ப விட்டேன். அவ்வளவு பொறுப்பானவனாம் நான்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்து அசந்து போனேன். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் போல அப்படி ஒரு தெளிவு. இலையில் இருந்த தாடி காணோம். கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. டாக்டர் என் தோளைத் தட்டினார். லூர்து அக்கா மட்டும், "நத்தைங்க எங்க நைனா காணோம்?" என்று கேட்டார். மண்ணுக்குள் போயிருக்கும் என்றேன்.

அதிகாரிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, ஆள் அனுப்பினார்கள். ஓடினேன்.

கூடத்தில் நாற்பது பேர். தொட்டிக்குள் ஏஞ்சல் எட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. கப்பிகள் மணலில் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு மோலி மட்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது, என் கண் முன்னால் அதுவும் திரும்பிக்கொண்டது. வாலிஸ்நேரியா இலைகளைத் தொட்டேன், வெந்த கீரை போலக் கையோடு வந்தது. ஒரு குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. என் காதுக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"என்னய்யா இது?" டாக்டர் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நாளை மறுநாள் அவங்க வர்றாங்க. என்னய்யா பண்ணினே?"

லூர்து அக்கா பக்கத்தில் நின்றார். கையில் துடைப்பம், காலடியில் பீனாயில் வாளி. நான் அந்த வாளியைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"பீனாயில் கைய தண்ணில வுட்டிருக்காங்க சார்," என்றேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"நைனா! இன்னா பேச்சு பேசற நீ? சோப்பு போட்டு கழுவிக்கினுதானே தினம் தீனி போட்றேன்!"

பெஞ்சிலிருந்து யாரோ, "அந்தம்மா கைல எப்பவும் பீனாயில் வாடதான்பா," என்றார். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். நாற்பது பேரும் தலையை ஆட்டினார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் செத்த மீனைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பொய் சொன்னேனா என்றால், இல்லை, அந்த நேரத்தில் அப்படித்தான் என்று நிஜமாகவே நம்பினேன். அதுதான் இன்றுவரை எனக்கு அதிர்ச்சி. பயந்தவன் மனசு தனக்கு வேண்டியதை எவ்வளவு வேகமாக நம்பிவிடுகிறது! டாக்டர் அன்றே ரிப்போர்ட் எழுதினார். அன்று மதியமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். அதிகாரிகள் வந்த நாளில் காலித் தொட்டியை வெள்ளைத் துணியால் மூடி வைத்தார்கள். கூடத்தில் பிணம் கிடத்தியது போல இருந்தது.

பிறகு டாக்டர் மறுபடி தொட்டி வைக்கச் சொன்னார். மணலைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். புதுத் தண்ணீர், புதுச் செடி. என் வழக்கம், முதலில் நத்தைகளை விட்டு ஒரு வாரம் பார்ப்பது. இருபது நத்தை விட்டேன். புதிதாக வந்த துப்புரவுக்காரருக்குத் தொட்டிப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. பீனாயில் வாளியை வாசலுக்கு வெளியே வைத்தார்கள்.

மூன்றாம் நாள் இருபது நத்தையும் மணலில் மல்லாந்து கிடந்தன.

கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். லூர்து அக்கா அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைத்துப் பத்து நாள் ஆகிறது. அப்படியென்றால் யார் கை?

தலையைத் தூக்கினால் நேராகக் கண்ணில் பட்டது சிவப்பு விளிம்பு.

துறைமுகத்தில் எங்கள் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். பெயரைச் சொல்ல விருப்பமில்லை, முரட்டு மனுஷன். அந்தச் சிவப்புப் பெயிண்டைத் தொட்டவன் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, இரண்டு தரம் கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் முதுகில் பளாரென்று விழும். "செம்பு விஷம்டா கஸ்மாலம்! சிப்பிய சாவடிக்கிறது உன் கொடல வுட்டுடுமா?" என்பார். மூன்று வருஷம், தினம் இரண்டு தரம் கை கழுவியவன் நான். பாசி ஏன் ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பாசியைக் கொல்கிற விஷம் பாசியோடு நிற்காது என்பதும் தெரிந்தே இருந்தது. இருந்தும் அதைக் கொண்டுபோய் மீன் மூச்சு விடுகிற தண்ணீரில் வைத்துவிட்டு, கை கழுவியவளைப் பார்த்துக் கை கழுவவில்லை என்றேன்.

அப்போதாவது எழுந்து டாக்டரிடம் ஓடினேனா? இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் தண்ணீரை இறைத்துக் கொட்டி, உளியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். ஒரு நாள் முழுக்க, யாருக்கும் தெரியாமல், துருவை எடுக்கிறேன் என்று சொல்லிச் சுரண்டினேன். சட்டத்தைச் சுத்தமாக்கி, புது மீன் விட்டு, நன்றாக வளர்த்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான்தான்.

மறுநாள் ராயபுரம் இறால் ஷெட் வழியாக வந்தேன். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் பெண்கள் வரிசையாகக் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் லூர்து அக்கா. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறி, அங்கங்கே முள் குத்திக் கிழிந்திருந்தது. திட்டுவார், இறால் கூடையைத் தலையில் கவிழ்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கவிழ்த்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அவர் நிமிர்ந்து, "புது மீனு வுட்டாச்சா நைனா? நல்லா கீதா?" என்று கேட்டார்.

அங்கேயே, அந்த ஈரத்தில் அவர் முன் குந்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயிண்ட், நத்தை, மேஸ்திரி, உளி, எல்லாம்.

அக்கா கையில் இருந்த இறால் கீழே விழுந்தது. "திருப்பிச் சொல்லு," என்றார். திருப்பிச் சொன்னேன். "நானு... ராவெல்லாம் என் கைய என் கைய பாத்துக்கினு இருந்தேன்டா பாவி. ஒருவேள அன்னிக்கி சரியா கழுவலயோ, நாமதான் கொன்னுட்டமோன்னு. கோயில்ல பாவமன்னிப்புகூடக் கேட்டுட்டு வந்தேன்டா! செய்யாத பாவத்துக்கு!"

பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "அத நீதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தார்.

அன்றே டாக்டர் அறைக்குப் போய், என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"பீனாயில்னு நான் ரிப்போர்ட் எழுதிட்டேன். வந்த அதிகாரிகள்கிட்டயும் அதையே சொல்லிட்டேன். இனிமே மாத்தினா எனக்கு என்ன மரியாதை? அந்தம்மாவை இரக்கப்பட்டு, மன்னிச்சுத் திரும்ப எடுத்துக்கறதா இன்னிக்கே ஆர்டர் போடறேன். திங்கட்கிழமை வரட்டும். ஆனா நீ வெளியில வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா இங்க மட்டுமில்ல, குவார்ட்டர்ஸ்ல இருக்கிற உன் தொட்டிகளும் போயிடும்."

வேலை திரும்பக் கிடைத்ததே என்று ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"மன்னிச்சிட்டாங்களா? இன்னாத்துக்கு மன்னிக்கறது? நாப்பது பேரு எதிர்ல சொன்ன இல்ல? அத ரூம்பு கதவ சாத்திக்கினு வாபஸ் வாங்கிக்குவியா? மீன கொன்னவ வந்துட்டாடான்னு தெனம் பெஞ்சில பேசுவாங்க. அந்தப் பேரோட நான் வரமாட்டேன்பா. இறாலு கீது எனக்கு."

"சொன்னா டாக்டர் ஆர்டரைக் கிழிச்சிட்டா?"

"கிழிக்கட்டும். உனுக்கு எது போனாலும் பரவால்லன்னா திங்கக்கிழம வந்து சொல்லு. இல்லாங்காட்டி வுட்டுடு."

வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து தொட்டியில் மூன்று போகும். மூன்று போனால் நான் மறுபடி பெயிண்ட் டப்பாவோடு படகுக்கு அடியில்தான் படுக்க வேண்டும். இதைப் படிக்கிற உங்களுக்குச் சுலபமாகத் தோன்றும். எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. பாசிக்கு விளக்கைக் குறைத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும், அல்லது முடியாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டையும் விட்டவனுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு வழிதான்.

திங்கட்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. லூர்து அக்கா உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே நின்றார். நான் காலித் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். இருமினேன். ஒருவர், "வரிசைல வாப்பா," என்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இந்தத் தொட்டியில மீனுங்கள கொன்னது லூர்து அக்கா இல்ல. நான். கப்பலுக்கு அடிக்கிற வெஷப் பெயிண்ட உள்ள அடிச்சேன். அவங்க கை சுத்தமாதான் இருந்தது. அன்னிக்கி நான் சொன்னது பொய்யி."

கையில் கட்டுப் போட்ட ஒரு வார்ப்படத் தொழிலாளி என்னையே முறைத்தார்.

"அப்ப அன்னிக்கி அந்தம்மா மேல ஏன்பா போட்ட?"

"பயம்ணே."

டாக்டர் அறைக்கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்தார், கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவு பேர் எதிரில் ஆர்டரைக் கிழிக்க அவரால் முடியவில்லை. அக்கா நிரந்தரமாக மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஆனது; அந்த வருஷத்தைத் தின்றவன் நான். என் மூன்று தொட்டிகளும் அந்த வாரமே போயின, நான் மறுபடி படகுக்கு அடியில் படுத்தேன்.

அன்று காலை நான் அங்கேயே நின்றேன். திரும்பி நடக்கவும் வெட்கமாக இருந்தது. லூர்து அக்கா படியேறி உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பின்னறைக்குப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் துணியுமாக வந்தார். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கால் தூக்கினார்கள். என்னிடம் வந்ததும் நின்றார்.

"கால எடு நைனா," என்றார். "தொடைக்கணும்."